சிறு தொழிலுக்குப் பொறுப்புக் காப்பீடு: எந்தப் பாலிசி, எவ்வளவு தொகை, விபத்தன்று என்ன செய்வது

"கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்பவரிடம் பாலிசியை வாங்கிப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அது தீ விபத்துப் பாலிசியாகத்தான் இருக்கும். கடன் கொடுத்த வங்கியே போட்டுக் கொடுத்திருக்கும். கட்டடம், இயந்திரம், சரக்கு எரிந்தாலோ வெள்ளத்தில் போனாலோ பணம் வரும். ஆனால் கடைக்கு வந்தவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அந்தப் பாலிசி ஒரு ரூபாய்கூடத் தராது.

2021 ஏப்ரல் 1 முதல் சிறு தொழில்களுக்கென்றே இரண்டு பாலிசிகள் நடைமுறையில் உள்ளன. சொத்து மதிப்பு ரூ.5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்கு மேல் ரூ.50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இரண்டுமே நல்ல பாலிசிகள், ஆனால் இரண்டும் உங்கள் சொத்துக்கானவை. உங்களால் அடுத்தவருக்கு ஏற்பட்ட இழப்புக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுப்பதுதான் பொறுப்புக் காப்பீடு. அதாவது லயபிலிட்டி பாலிசி. அது தனி.

ஒரு உதாரணம் போதும். உங்கள் கடையில் மின்கசிவு, தீ பக்கத்து ஜவுளி குடோனுக்குப் பரவுகிறது. உங்கள் சரக்குக்கு உங்கள் தீ பாலிசி பணம் தரும். குடோன்காரருக்கு அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். அதோடு முடிந்துவிடாது. கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிக்க அந்தக் கம்பெனி, குடோன்காரரின் இடத்தில் நின்று உங்கள் மேல் வழக்குப் போடலாம். வயரிங்கைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று நிரூபணமானால் அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும்.

படி 1: யாருக்கெல்லாம் நம்மால் கேடு வரலாம் என்று எழுதுங்கள்

ஏஜென்டைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தொழில் நடக்கும் இடத்தைக் காலையிலிருந்து இரவு வரை ஒருமுறை சுற்றி வாருங்கள். 40 பேர் உட்காரும் ஒரு உணவகத்தை எடுத்துக்கொள்வோம். வாசலுக்கு மேலே இரும்புச் சட்டத்தில் தொங்கும் போர்டு, ஆணி துருப்பிடித்திருந்தால் நடைபாதையில் போகிறவர் தலையில் விழும். கை கழுவும் இடத்தில் எப்போதும் தண்ணீர். சமையலறையில் கொதிக்கும் எண்ணெய், அதன் அருகே வேலை பார்க்கும் மாஸ்டரும் உதவியாளர்களும். பின்பக்கம் கேஸ் சிலிண்டர்கள், அதை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் சுவர். மதியம் கட்டி வைத்த பார்சலை வாடிக்கையாளர் இரவு சாப்பிடலாம். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் நடக்கும். பைக்கில் டெலிவரி போகும் பையன் இருப்பார். கட்டடம் வாடகைக்கு என்றால் அதன் உரிமையாளரும் இந்தப் பட்டியலில் வருவார்.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே பாதிக்கப்படுபவர் யார் என்று குறியுங்கள்: பொதுமக்கள், நம் பொருளை வாங்கியவர், நம்மிடம் வேலை செய்பவர், நம் ஆலோசனையை நம்பியவர். இந்த நான்கு பேருக்கும் ஒரே பாலிசி பணம் தராது. க்ளெய்ம் மறுக்கப்படுவதற்குப் பெரிய காரணம், விபத்து ஒரு வகையாகவும் கையில் இருக்கும் பாலிசி வேறு வகையாகவும் இருப்பதுதான். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், ஐந்தாவது படியில் தேவைப்படும்.

படி 2: எந்த ஆபத்துக்கு எந்தப் பாலிசி

பொதுமக்களுக்கு உங்கள் இடத்தில் ஏற்படும் காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்குப் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. தொழிற்சாலைகளுக்கு ஒரு வகை. கடை, ஹோட்டல், பள்ளி, அலுவலகம் போன்றவற்றுக்கு இன்னொரு வகை. இது பாலிசியில் எழுதியிருக்கும் முகவரிக்கு மட்டுமே செல்லும். உணவகம் நடத்துபவர்கள் உணவு மற்றும் பானங்களுக்கான கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் வழுக்கி விழுந்தவருக்குப் பணம் வரும், சாப்பாட்டால் வாந்தி எடுத்தவருக்கு வராது.

கடைக்காரர்களுக்கு விற்கப்படும் ஷாப்கீப்பர்ஸ் பேக்கேஜ் பாலிசியிலும் பப்ளிக் லயபிலிட்டி ஒரு பிரிவாக இருக்கும். ஆனால் அது விருப்பப் பிரிவு, பலருக்கு டிக் போடாமலே விடப்பட்டிருக்கும். போட்டிருந்தாலும் தொகை மிகக் குறைவாக இருக்கும்.

பொருள் உங்கள் கையை விட்டுப் போன பிறகு ஏற்படும் கேட்டுக்கு ப்ராடக்ட் லயபிலிட்டி பாலிசி. ஊறுகாய், மசாலாப் பொடி, பொம்மை, அழகுசாதனம், மின்சாதனம், பம்ப் என்று எதைச் செய்பவரும் இதைப் பற்றி யோசிக்க வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளால் வரும் கேட்டுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. "நான் செய்யவில்லை, வாங்கித்தான் விற்கிறேன்" என்று கடைக்காரர் எப்போதும் தப்ப முடியாது. பொருளை மாற்றியமைத்திருந்தாலோ, தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாவிட்டாலோ, தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டாலோ விற்றவரும் பொறுப்பு. பெயரில்லாத மொத்தச் சரக்கை வாங்கிச் சொந்த லேபிள் ஒட்டி விற்பவர் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளரேதான். உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 தனியாக இருக்கிறது. நுகர்வோர் இறந்தால் இழப்பீடு ரூ.5 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அது.

ஆலோசனையும் திறமையும் விற்பவர்களுக்கு, அதாவது டாக்டர், கிளினிக், ஆடிட்டர், கட்டட வடிவமைப்பாளர், மென்பொருள் செய்து கொடுப்பவர் ஆகியோருக்கு ப்ரொஃபஷனல் இன்டெம்னிட்டி. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்துவிட்டது. கிளினிக் வைத்திருப்பவர் தனக்கு மட்டும் பாலிசி எடுத்தால் போதாது. நர்ஸ் போட்ட ஊசியில் வந்த கோளாறு கிளினிக்கின் பொறுப்பு, ஆகவே நிறுவனத்தின் பெயரிலும் வேண்டும்.

பப்ளிக், ப்ராடக்ட் இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி. சந்தையில் சி.ஜி.எல். என்பார்கள். திருப்பூரிலிருந்து ஏற்றுமதி செய்பவர்களிடம் வெளிநாட்டு பையர் கேட்பதும், மால்களிலும் ஐ.டி. பார்க்குகளிலும் இடம் வாடகைக்கு எடுக்கும்போது உரிமையாளர் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான். ஏற்றுமதிக்கு எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். "உலகம் முழுவதும்" என்று தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே "அமெரிக்கா, கனடா நீங்கலாக" என்று எழுதியிருக்கும் பாலிசிகள் உண்டு. சரக்கு நியூயார்க் போகிறதென்றால் அந்த விலக்கை நீக்கிய பாலிசிதான் வேண்டும். அதற்குப் பிரீமியமும் கூடும், நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பங்கும் கூடும்.

அபாயகரமான ரசாயனங்கள், வாயுக்களை அரசு அறிவித்த அளவுக்கு மேல் கையாள்பவர்களுக்கு மட்டும் பொதுமக்களுக்கான பொறுப்புக் காப்பீடு விருப்பம் அல்ல, கட்டாயம். 1984 டிசம்பர் போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991 இதைக் கட்டாயமாக்கியது. பாதிக்கப்பட்டவர் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் போதும். பாலிசித் தொகை நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனத்துக்குக் குறையக் கூடாது. பிரீமியத்துக்கு இணையான இன்னொரு தொகை சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் போகும். அம்மோனியா ஓடும் குளிர்பதனக் கிடங்கு, சாய ரசாயனக் கிடங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் இருப்பு அளவை அந்த அறிவிக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

டெலிவரி வண்டி யார் மேலாவது மோதினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அது வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் வேலை. பையன் தன் சொந்த பைக்கில் போனாலும், அந்த பைக்கின் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

படி 3: வேலை செய்பவர்களுக்கு

சிறு தொழிலில் அதிகம் வரும் க்ளெய்ம் இந்த வகைதான், அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் இதுதான். வாடிக்கையாளர் வழக்கில் உங்கள் கவனக்குறைவை அவர் நிரூபிக்க வேண்டும். தொழிலாளிக்கு அந்தத் தேவையே இல்லை. வேலையின்போது, வேலையால் காயம் என்றால் முதலாளி கொடுத்தாக வேண்டும்.

இந்தப் பாலிசியைச் சந்தையில் இன்னமும் டபிள்யூ.சி. (ஒர்க்மென்ஸ் காம்பன்சேஷன், அதாவது தொழிலாளர் இழப்பீடு) பாலிசி என்றுதான் கேட்பார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. கணக்குப் போடும் அடிப்படை மாறவில்லை. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், புதிய தொகுப்பில் அடங்கும். உங்கள் பாலிசியில் பழைய சட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் புதியதையும் சேர்த்து எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்தைக் காட்டும் இணைப்புத் தாள், எழுதி வாங்குங்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கோவையில் ஒரு பட்டறை. 30 வயதுத் தொழிலாளி, சம்பளம் மாதம் ரூ.18,000. பவர் பிரஸ்ஸில் கை மாட்டிக் கட்டைவிரல் போய்விட்டது. 2020 ஜனவரி 3 அறிவிக்கையின்படி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சச் சம்பளம் ரூ.15,000. நிரந்தர முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது ரூ.9,000. வயதுக்கேற்பச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கெண்ணுக்குக் காரணி என்று பெயர், 30 வயதுக்கு அது 207.98. பெருக்கினால் ரூ.18,71,820. கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. ஆக ரூ.5,61,546. ஆள்காட்டி விரல் என்றால் 14 சதவீதம், சுமார் ரூ.2,62,055. இறந்தே போனால் சம்பளத்தில் 50 சதவீதம், அதாவது ரூ.7,500ஐ 207.98ஆல் பெருக்கி ரூ.15,59,850. சிகிச்சைச் செலவு இதற்கு மேல் தனி.

இந்தத் தொகையை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. இழுத்தடித்ததற்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விழலாம். அபராதத்தை எந்தப் பாலிசியும் ஏற்காது. வட்டியைச் சில பாலிசிகள் ஏற்கும், சில ஏற்காது. கட்டைவிரல் வழக்கு இரண்டு வருடம் இழுத்தால் வட்டியே ரூ.1,34,771 ஆகிறது. எனவே இந்தப் பாலிசி எடுக்கும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு வரை? கான்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்களும் அடக்கமா? வட்டி அடக்கமா? மருத்துவச் செலவும் கான்ட்ராக்ட் ஆட்களும் பொதுவாகக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேரும்.

பிரீமியம், வேலையின் தன்மையையும் ஆண்டுச் சம்பள மொத்தத்தையும் வைத்துப் போடப்படும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். 12 பேர் வேலை செய்யும் இடத்தில் 7 பேர் என்றும், பிரஸ் ஆபரேட்டரை ஹெல்பர் என்றும் எழுதிவிடுகிறார்கள். விபத்துக்குப் பிறகு கம்பெனி கேட்பது வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும்தான். ஓவர்டைமையும் சேர்த்து உண்மையான சம்பளத்தை எழுதுங்கள். குறைத்துக் காட்டினால் பல பாலிசிகளில் க்ளெய்மும் அதே விகிதத்தில் குறையும்.

10 பேரோ அதற்கு மேலோ இருந்து, மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால், அதே காயத்துக்கு அவர்கள் உங்களிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. அந்த வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் மாஸ்டர், சூப்பர்வைசர், மற்றும் 10 பேருக்குக் குறைவான சிறு இடங்களுக்குத்தான் இந்தப் பாலிசி உயிர்நாடி. ஆனால் இ.எஸ்.ஐ. பதிவு தாமதமாகியிருக்கும் புது ஆளை மறந்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் கை பழகியிருக்காது.

வெள்ளையடிக்க, போர்டு மாட்ட, ஏ.சி. பொருத்த வெளியாட்கள் வந்தால், சாரம் கட்டுவதற்கு முன்பே மேஸ்திரியிடமோ கான்ட்ராக்டரிடமோ அவருடைய தொழிலாளர் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, தேதியைப் பாருங்கள்.

படி 4: எவ்வளவு தொகைக்கு எடுப்பது

பாலிசியில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஒரு வருடம் முழுவதற்கும் எவ்வளவு. இவற்றுக்கிடையே 1:1 முதல் 1:4 வரை விகிதம் தேர்ந்தெடுக்கலாம். ரூ.25 லட்சம், 1:2 என்றால் ஒரு விபத்துக்கு ரூ.25 லட்சம், வருடத்துக்கு ரூ.50 லட்சம்.

"பத்து லட்சம் போதும்" என்று ஏஜென்ட் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் போர்டு விழுந்து இறந்தவர் 35 வயது, சொந்தத் தொழில் செய்பவர், மாத வருமானம் ரூ.40,000, அவரை நம்பி நான்கு பேர். மோட்டார் விபத்து வழக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்த முறையை மற்ற விபத்து வழக்குகளிலும் நீதிமன்றங்கள் அடிக்கடி கையாள்கின்றன. ஆண்டு வருமானம் ரூ.4,80,000. எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டினால் ரூ.6,72,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ.5,04,000. வயதுக்கான பெருக்கெண் 16. மொத்தம் ரூ.80,64,000. ஒரே ஒரு உயிருக்கு இவ்வளவு.

மக்கள் வந்துபோகும் எந்த இடத்துக்கும் ஒரு விபத்துக்கு ரூ.1 கோடி என்பதைத் தொடக்கமாக வைத்துக்கொள்வதே சரி. தொகையை ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.1 கோடி ஆக்கினால் பிரீமியம் பத்து மடங்கு ஆகிவிடாது, மேலே போகப் போக விகிதம் குறையும். இரண்டு தொகைகளுக்கும் கொட்டேஷன் கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் பகுதியை நீங்களே கட்ட வேண்டும் என்று ஒரு தொகை இருக்கும், அதற்கு எக்ஸஸ் என்று பெயர். இதைச் சற்று உயர்த்தி ஏற்றுக்கொண்டால் பிரீமியம் குறையும். சிறிய தொகையைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால், எக்ஸஸைக் கூட்டி, மிச்சமாகும் பிரீமியத்தில் மொத்தத் தொகையைக் கூட்டுவது புத்திசாலித்தனம். வக்கீல் செலவு இந்த மொத்தத் தொகைக்குள்ளா, வெளியிலா என்பதையும் கேளுங்கள். உள்ளே என்றால், வழக்கு நீள நீள இழப்பீட்டுக்கு மிஞ்சுவது குறையும்.

படி 5: ப்ரொபோசல் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்தான் ப்ரொபோசல். அதில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை ஏஜென்ட் நிரப்பட்டும் என்று விடாதீர்கள். காப்பீடு ஒப்பந்தம் முழுவதும் இந்தப் படிவத்தின் மேல்தான் நிற்கிறது. முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள்.

"தொழிலின் தன்மை" என்ற இடத்தில் "உணவகம்" என்று மட்டும் எழுதினால் கல்யாண கேட்டரிங் வெளியே போய்விடும். "உணவகம், பார்சல், வீட்டு டெலிவரி, வெளியிடக் கேட்டரிங்" என்று முழுதாக எழுதி, வெளியிடத்தில் நடப்பதும் அடக்கம் என்று பாலிசியில் வரவழைக்க வேண்டும். எல்லாக் கிளைகளின் முகவரியும், குடோனும், மொட்டைமாடியில் போட்ட ஷெட்டும் வர வேண்டும். விற்றுமுதலை ஜி.எஸ்.டி. கணக்கோடு ஒத்துப்போகும்படி எழுதுங்கள், பின்னால் ஒப்பிடுவார்கள். முன்பு நடந்த விபத்து, வந்த வக்கீல் நோட்டீஸ், வாய்வார்த்தையாக வந்த மிரட்டல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தெரிந்தே மறைத்த ஒன்று, சம்பந்தமே இல்லாத வேறொரு க்ளெய்மைக்கூடக் கெடுத்துவிடும். உணவு உரிமம், தீயணைப்புச் சான்று, வணிக உரிமம் ஆகியவை நடப்பில் இருக்கட்டும்.

ஏஜென்ட் கம்பெனியின் பிரதிநிதி, ப்ரோக்கர் உங்கள் சார்பில் பல கம்பெனிகளிடம் பேசுபவர். தொழிலாளர் பாலிசி மாதிரி நேரான ஒன்றுக்கு ஏஜென்ட் போதும். ஏற்றுமதி, கிளினிக், ரசாயனம் என்றால் உரிமம் பெற்ற ப்ரோக்கர் நல்லது.

படி 6: பாலிசி கைக்கு வந்ததும் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

எதற்குப் பணம் கிடையாது என்ற பட்டியல் பின்னால் இருக்கும், அதை முதலில் படியுங்கள். சிறு தொழில்களை அதிகம் பாதிப்பது, "உங்கள் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் அடுத்தவர் சொத்து" என்ற விலக்கு. மெக்கானிக் கடையில் விட்ட வண்டி, ஜாப் ஒர்க்குக்கு வந்த துணி, சலவைக்கு வந்த பட்டுப்புடவை, நீங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடம் எல்லாம் இதற்குள் வரும். துணிக்கும் வண்டிக்கும் தனிப் பிரிவு கேட்க வேண்டும், வாடகைக் கட்டடத்துக்கு வாடகைதாரர் பொறுப்பு என்ற கூடுதல் பிரிவு உண்டு.

அடுத்தது, பொருளே சரியில்லை என்ற புகார். நீங்கள் விற்ற பம்ப் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் பணம் வராது. மின்சாரம் கசிந்து ஒருவருக்கு ஷாக் அடித்தால் வரும். சந்தையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெறும் செலவு, அரசு விதிக்கும் அபராதம், மெல்லக் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த மாசு, ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பு ஆகியவையும் வெளியே. கடைசியாகச் சொன்னது முக்கியம். பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்யும்போது "எல்லா இழப்பையும் ஈடுசெய்வேன்" என்று கையெழுத்துப் போட்டால், சட்டம் கேட்பதற்கு மேல் நீங்கள் ஒப்புக்கொண்டதை இன்சூரன்ஸ் ஏற்காது.

பிறகு இன்னொரு சொற்றொடரைத் தேடுங்கள். விபத்து நடந்த தேதியை வைத்துப் பணம் தரும் பாலிசியா, க்ளெய்ம் வந்த தேதியை வைத்துத் தரும் பாலிசியா? இரண்டாவது வகையில் ரெட்ரோஆக்டிவ் தேதி என்று ஒன்று இருக்கும். விபத்து அந்தத் தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும், க்ளெய்ம் பாலிசி நடப்பில் இருக்கும்போது வர வேண்டும். ஒரு டாக்டர் 2022இலிருந்து தொடர்ந்து பாலிசி வைத்திருந்து, 2025இல் ஒரு மாதம் விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், ரெட்ரோஆக்டிவ் தேதி 2025க்கு வந்துவிடலாம். 2024இல் செய்த அறுவைச் சிகிச்சைக்கு இனி யாராவது வழக்குப் போட்டால் எந்தப் பாலிசியும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருப்பதால் இது வெறும் கற்பனை பயம் அல்ல. கம்பெனி மாறினாலும் பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியை அப்படியே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். தொழிலை மூடுகிறீர்கள் என்றால், பின்னால் வரும் க்ளெய்மைத் தெரிவிப்பதற்கான நீட்டிப்புக் காலத்தை விலை கொடுத்து வாங்கலாம்.

பணம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் பாலிசி தொடங்காது. இது 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் விதி. ஏஜென்ட் "போட்டுட்டேன் சார்" என்று சொன்னதோ, திரும்பி வந்த செக்கோ செல்லாது. பிரீமியத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.

படி 7: விபத்து நடந்த அன்று

ஆளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. 108ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட அனுப்புங்கள். முதலுதவிக்குச் செலவு செய்வதால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது. சி.ஜி.எல். பாலிசிகள் சிலவற்றில் இப்படிப்பட்ட உடனடி மருத்துவச் செலவுக்கென்றே சிறு பிரிவு இருக்கும்.

ஆனால் வாயை அடக்க வேண்டும், பேனாவையும் அடக்க வேண்டும். "எங்க தப்புதான், முழுச் செலவையும் பார்த்துக்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் போட்ட ஒரு வரி பின்னால் நீதிமன்றத்தில் ஆவணமாக வந்து நிற்கும். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் நீங்களாக ஒப்புக்கொண்டதையும், பேசி முடித்த தொகையையும் அவர்கள் கொடுக்க மாட்டார்கள். "உங்களுக்கு வேண்டிய உதவியைச் செய்கிறோம், இன்சூரன்ஸுக்குத் தெரிவித்திருக்கிறோம்" என்பதே போதும்.

அன்றே இடத்தைப் பல கோணங்களில் படம் எடுங்கள். சி.சி.டி.வி. பதிவைத் தனியாகப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள், பல கருவிகளில் சில வாரங்களில் பழையது அழிந்து புதியது பதிவாகிவிடும். பார்த்தவர்களின் பெயரும் எண்ணும், அன்று பணியில் இருந்தவர்களின் பட்டியலும் வேண்டும். உணவு சம்பந்தமான புகார் என்றால் அதே சமையலின் மாதிரியையும், சரக்கு வாங்கிய பில்களையும் பத்திரப்படுத்துங்கள். இயந்திர விபத்து என்றால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் வரை இயந்திரத்தைப் பழுது நீக்காதீர்கள்.

கம்பெனிக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள்: பாலிசி எண், தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பாதிக்கப்பட்டார். யார் தவறு என்று எழுத வேண்டாம். க்ளெய்ம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். க்ளெய்ம் வரக்கூடிய சம்பவம் நடந்தாலே தெரிவிக்க வேண்டும்.

தொழிலாளி இறந்த வழக்கில் மனம் இரங்கிக் குடும்பத்தாரிடம் நேரடியாக இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். சட்டப்படி அது இழப்பீடு கொடுத்ததாகாது. உரிய அதிகாரியிடம், அதாவது தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் தொகையைச் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் அதே தொகையை மறுபடி கட்ட நேரும்.

வக்கீல் நோட்டீஸோ நுகர்வோர் ஆணையத்தின் சம்மனோ வந்தால், உறையில் வந்த தேதியைக் குறித்துவிட்டு அன்றே கம்பெனிக்கு அனுப்புங்கள். ஆணையத்தில் பதில் மனுவுக்கு 30 நாள், காரணம் காட்டினால் இன்னும் 15 நாள். 45 நாளுக்குப் பிறகு ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. கல்லா மேசை டிராயரில் ஒரு மாதம் கிடந்த சம்மனால் உங்கள் தரப்பைச் சொல்லும் வாய்ப்பே போய்விடும். தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்று கம்பெனியும் கையை விரிக்கும்.

படி 8: கம்பெனி மறுத்தால்

மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின்படி என்று குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். முதலில் அதே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தனிநபர் உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் அங்கே முறையிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு ரூ.2.5 கோடிக்கும், விற்றுமுதல் ரூ.10 கோடிக்கும் மிகாதது குறுந்தொழில், எனவே குறுந்தொழில் என்று காட்டும் உத்யம் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். ரூ.50 லட்சம் வரையிலான தொகைக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆம்பட்ஸ்மேனுக்கு உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

மனுவோடு ப்ரொபோசல் படிவத்தின் நகல், பாலிசி முழுவதும், முதல் தகவல் அனுப்பிய மின்னஞ்சல், மறுப்புக் கடிதம் நான்கும் வேண்டும். ப்ரொபோசல் நகலைப் பாலிசி எடுக்கும்போதே வாங்கி வைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் திண்டாடுகிறார்கள். காலாவதியான பாலிசிகளையும் தூக்கிப் போடாதீர்கள். விபத்துத் தேதியை வைத்துப் பணம் தரும் பாலிசியாக இருந்தால், இரண்டு வருடம் கழித்து வரும் வழக்குக்கும் அந்தப் பழைய தாள்தான் பதில் சொல்லும்.